பழைய ஏரு

எங்கள் பக்கம் மறுபடியும் யுரேனியம் தேடுகிறார்கள் என்று கேள்வி. மண்ணுக்கடியில் புதைந்துபோன ஆற்றுத்தடம், தூர்ந்த ஏரியின் அடிச்சேறு, இந்த மாதிரி இடங்களில் அது தங்கியிருக்குமாம். தாராளமாகத் தேடட்டும். எங்கள் கொல்லைக்கு (உழுகிற நிலத்தை அப்படித்தான் சொல்வோம்) வந்தால் மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும். அங்கே நான் தப்பாகக் கொடுத்த ஒரு கணக்கு அறுபத்திரண்டு வருடமாகத் திருத்தப்படாமல் கிடக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வரதய்யபாளையத்துக்கு மேற்கே, தமிழும் தெலுங்கும் பேசுகிற எல்லையோரம் எங்கள் ஊர். நாற்பத்தொரு வீடு, ஐந்து கிணறு. ஆறு என்று ஒன்று கிடையாது. ஐந்து கிணற்றில் முதலில் வற்றியது எங்களுடையது. ஐம்பத்திரண்டு அடியில் வெறும் பாறை. நைனா தினமும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவார். கல் காய்ந்தபடியே மேலே வரும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் இரண்டு எருதுகளையும் சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. இடப்பக்கத்து எருதின் நெற்றியில் பதினோரு வெள்ளை மயிர் உண்டு. எண்ணியவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை யுரேனியம் தேடி ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆபீசர் கோதாவரிப் பக்கத்துக்காரர். வாசலில் நின்ற மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், "பாத ஏரு எக்கட உந்தண்டி?" என்று கேட்டார். தெலுங்கில் ஏரு என்றால் ஆறு; பழைய ஆறு எங்கே ஓடியது என்று கேட்கிறார். மாமாவுக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் ஆறே இல்லாத ஊரில் ஏரு என்றால் அவருக்கு உழுகிற ஏர்தான். நேரே கொட்டகைக்குப் போனார்; மூலையில் கிடந்த பழைய ஏரைத் தோளில் தூக்கிவந்து ஜீப்புக்கு முன்னால் போட்டார்.

"இந்தா சார், பழைய ஏரு. இத இன்னாத்துக்கு சார் இவ்ளோ தூரம் தேடிக்கினு வந்தீங்க?"

ஜீப்பில் வந்த நான்கு பேரும் சிரித்தார்கள். டிரைவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆபீசரும் சிரித்தார். பிறகு சட்டென்று குனிந்து ஏரின் கொழுவைத் தடவிப் பார்த்தார். இரும்பு ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று கேட்டார்.

"கூழாங்கல்லு சார். ஏரு போனா கடகடன்னு சத்தம். வருசத்துக்கு ரெண்டு கொழு துன்னுது எங்க கொல்லி."

மறுநாள் காலையில் அவர் ஒரு பெட்டியோடு வந்தார். பூமியில் வைத்தால் அது டிக் டிக் என்றது. கேட்காமலே நான் சத்தமாக எண்ணத் தொடங்கினேன். அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று சொல்லச் சொன்னார். பக்கத்துக் கொல்லையில் முப்பத்தொன்று. வறண்ட ஏரிக்குள் முப்பத்துநான்கு. அடுத்தது எங்கள் கொல்லை. மாமா என்னைப் புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"டேய், நம்ம கொல்லில மட்டும் தூக்கிச் சொல்றா. டிக்கு ஜாஸ்தியான எடத்துலதான் மிசினு எறக்கித் தொள போடுவாங்களாம். தண்ணி வந்தா மாடு நம்முளுது."

"பொய் சொன்னா கணக்கு தப்பாயிடும் மாமா."

"மாடு போயிட்டா?"

எங்கள் கொல்லையில் முப்பத்துமூன்று. நான் எழுபத்துமூன்று என்று கத்தினேன். ஆபீசர் பெட்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு, "சபாஷ்" என்றார். அதே இடத்தில் ஒரு முளையை அடிக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை லாரியில் துளை போடும் மிஷின் வந்தது. முப்பத்தாறு அடியில் ஈர மணல், அதோடு புறா முட்டை போல உருண்டைக் கற்கள். மாமா அந்த மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு, "யோவ், ஆறுய்யா! நம்ம கொல்லிக்கு அடியில ஆறுய்யா!" என்று ஆடினார். நைனா கயிற்றில் கல்லைக் கட்டி அந்தத் துளையில் இறக்கினார். கல் சொட்டச் சொட்ட வந்தது.

ஆபீசர் பதினான்கு பைகளில் மண்ணை எடுத்துப் போனார். அவர் தேடியது அதில் இல்லையாம். பக்கத்திலேயே கிணறு வெட்டினோம். எருதுகள் இருந்தன.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஜீப் சத்தம் கேட்டாலே நான் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொள்வேன். கணக்கைச் சரிபார்க்க வருகிறார்கள் என்று பயம். ஒரு பொய்யால் ஓர் ஆற்றையே கொண்டுவந்தவன் என்ற கர்வமும் இருந்தது.

திருப்பதியில் காலேஜில் படித்தபோது ஆய்வுக்கூட மேஜைமேல், கதிர்வீச்சை அளக்கிற அதே மாதிரி ஒரு பெட்டியைப் பார்த்தேன். அதன் முகத்தில் ஒரு முள் இருந்தது. எத்தனை டிக் என்று அதுவே காட்டிக்கொண்டிருந்தது. ஆபீசரின் பெட்டியிலும் அந்த முள்ளைப் பார்த்திருக்கிறேன். நேரம் தப்பாகக் காட்டுகிற கடிகாரம் என்று நினைத்திருந்தேன்.

அவர் முளை அடிக்கச் சொன்னது என் எண்ணை நம்பி அல்ல, தேய்ந்த கொழுவைப் பார்த்துத்தான்; கூழாங்கல் கிடக்கிற இடம் ஆறு ஓடிய இடம். அது புரிந்துவிட்டது. எனக்கு எதற்கு சபாஷ் சொன்னார் என்பதுதான் இன்னும் கணக்கில் சேரவில்லை.