சுழல்பாதையில் களையெடுப்பு

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருதயத்தைக் கையில் பிடித்தபடிதான் ஏறி வந்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பஸ் வளைந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றும் வியாதி, இரண்டு வருடமாக. டாக்டர்கள் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, வெறும் பதற்றம்” என்கிறார்கள். அந்த ‘வெறும்’ படுத்துகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

சுழல்பாதையில் நடந்தால் மனம் அமைதியாகிறதா என்று மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஓர் ஆராய்ச்சி. விதைப்புக்குக் காத்திருந்த நிலத்தில், மனோதத்துவம் படிக்கும் பெண் ஒருத்தி கணுக்கால் உயரக் கற்களை வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தாள். பாதை ஒன்றே ஒன்று, வழிதவறவே முடியாது. மௌனமாக நடுவுக்குப் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் நாடி பார்ப்பாள். மாலை பஸ்ஸில் மனிதனாக இறங்கினால் போதும் என்று பெயர் கொடுத்தேன்.

எனக்கு முன் நடந்த உள்ளூர் அம்மணிகள் ஒவ்வொருவரும் கை நிறையக் களையோடு வெளியே வந்தார்கள்.

“சும்மா நடக்கத்தானேம்மா சொன்னேன்!” ஆராய்ச்சிப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

“காட்டுக்குள்ள எறங்கிட்டு, களையப் பாத்தும் பாக்காமப் போறதா? நல்லாருக்குது கண்ணு உன்ற படிப்பு,” என்றார் நிலத்துக்காரம்மா.

அடுத்து நான். நான்காவது திருப்பத்தில் நடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஐந்தாவதில் பாதை என்னை வெளி ஓரத்துக்குத் தள்ளியது. அவ்வளவுதான். நெஞ்சு இடித்தது, கை மரத்தது. அந்தக் கல்லை ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும். நானோ நின்ற இடத்திலேயே மனதுக்குள் உயில் எழுதினேன். ஸ்கூட்டர் மைத்துனனுக்கு இல்லை என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன்.

“ஏனுங்க, அப்படியே நின்னுட்டீங்க?” நிலத்துக்காரம்மா கத்தினார். “காலடியில நாங்க உட்டுப்போன கோரை இருக்குது பாருங்க. உக்காந்து புடுங்குங்க!”

உட்கார்ந்தேன். கோரை லேசில் வராது. கிழங்கு அறுந்துவிடாமல் விரலால் மண்ணைக் கிளற வேண்டும். ஆறாவது கிழங்கில்தான் கவனித்தேன், நான் இன்னும் சாகவில்லை.

“நாடி நல்லா இறங்கியிருக்கு சார். ஆனா நீங்க நடுவுக்கே போகலையே,” என்று, வெளியே வந்த என் கையைப் பிடித்துப் பார்த்த அந்தப் பெண் என் கணக்குத் தாளைக் குறுக்கே அடித்தாள்.

“பஸ்ஸுல கோரைக்கு எங்கங்க போவேன்?” என்று முனகினேன். நிலத்துக்காரம்மா சிரித்துக்கொண்டே ஒரு பை நிறைய மொச்சைக்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

“உரிச்சுக்கிட்டே போங்க. தலைய நிமுத்தாதீங்க.”

மாலை பஸ் இறங்கும்போது மூன்றாவது வளைவில் நெஞ்சு இடித்தது. உரித்தேன். மறுபடி இடித்தது. உரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே பைக்குள் கைவிட்டுத் தானும் உரிக்க ஆரம்பித்தார். கண்டக்டர் வந்து தோலைப் பார்த்துத் திட்டியபோதுதான், “எத்தனையாவது வளைவுங்க இது?” என்று கேட்டேன்.

“வளைவெல்லாம் முடிஞ்சு அடிவாரமே வந்தாச்சுங்க. மொதல்ல தோலப் பொறுக்குங்க.”