அவள் வாய்விட்டுச் சொன்ன பெயர்

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவாகி, பட்டியல் எழுத ஆள் தேடினார்கள். மாதுங்காவில் குடியிருந்துகொண்டு ரேஷன் ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்த என்னைத் தாராவிக்கு அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. தேசத்தையே நான்தான் எழுதி உண்டாக்குகிறேன் என்று நினைப்பு. அசடு!

அங்கே பிழைக்க வந்திருந்த நம் தமிழ்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்ப்பார்கள். அங்கிருந்து யாராவது கத்திச் சொல்வார்கள். ஒரு சந்து முழுக்க இப்படியே கலகலப்பாக எழுதிக்கொண்டு போனேன்.

கடைசி வீட்டில் ஒரு சின்ன வயதுக்காரி தனியாக இருந்தாள். தோல் கிடங்கில் வேலை செய்த அவள் புருஷனை, ஸ்டிரைக்கில் பேசினான் என்று ஆறு மாதத்துக்கு முன் போலீஸ் கொண்டுபோயிருந்தது. கேஸ் இல்லை, கோர்ட் இல்லை, எப்போது விடுவார்கள் என்ற தகவலும் இல்லை. வெள்ளைக்காரன் செய்த அதே காரியம்தான். செய்கிற ஆள்தான் மாறியிருந்தான்.

"வீட்டுக்காரர் பேர்?" என்றேன்.

வழக்கம்போல் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். "எக்கா, நீங்க சொல்லுங்கக்கா" என்றாள். அந்த அக்கா உள்ளே போய்விட்டாள். எதிர்வீட்டுக்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நடந்தார். போலீஸ் கொண்டுபோனவன் பெயரைச் சர்க்கார் ஆள் முன்னால் சொல்ல ஒருத்தருக்கும் தைரியமில்லை.

அவள் வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். பிறகு தானே சொன்னாள். மாமனார் பெயரையும் சேர்த்து, சந்துக்கே கேட்கும்படி. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எழுதிட்டியளாய்யா? சர்க்கார் பொஸ்தவத்துல பேரு இருந்தா இது நம்ம ஆளுன்னு தெரியும்லா. விட்டுருவாகல்லா?"

அவள் வரியில் இன்னாரின் மனைவி என்று எழுதினேன். அவனுக்கென்று தனி வரி எழுதவில்லை. வீட்டில் இருப்பவரைத்தானே எழுத வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, பயம். அவனையும் ஒரு வாக்காளன் என்று என் கையால் எழுதினால் உத்தியோகம் நிரந்தரமாகாதோ என்ற பயம். "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவரும் எங்கள் பாலக்காட்டுக்காரர், கத்திவிட்டார்.

"அடப்பாவி! ஜெயில்ல இருந்தா வீடே இல்லேன்னு ஆயிடுமா? கேஸே இல்லாதவன் ஓய். போய்ச் சேர்த்து எழுதிண்டு வாரும்."

"சரி சார்" என்றேன். போகவில்லை. அவருடைய வாய்வார்த்தை நாளைக்கு என்னைக் காப்பாற்றுமா? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, தாள்கள் அச்சுக்குப் போகும்வரை இருந்துவிட்டேன். அப்படிப்பட்ட ஜன்மம் நான்.

அச்சான பட்டியலைத் தாராவியில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பார்வைக்கு வைத்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட என்னையே உட்கார வைத்தார்கள். விட்டுப்போன பெயரைச் சேர்க்க வேண்டிய படிவமும் என் மேஜைமேல் கட்டாக இருந்தது. அவள் வந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். அவன் இன்னும் வரவில்லை.

"எங்க வீட்ட வாசிங்கய்யா."

அவள் பெயரை வாசித்தேன். அதற்குக் கீழே வேறு வீட்டுக்காரர் ஒருவர் பெயர் இருந்தது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, அவள் புருஷன் பெயரையும் அவன் அப்பா பெயரையும் வாசித்தேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த வரியை அவளும் தொட்டுப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"வந்ததும் அவுகளும் ஓட்டுப் போடலாம்லாய்யா?"

"போடலாம்" என்றேன்.