பூங்குரலோனும் பூங்குரலானும்

பஞ்சர் கடையில் டியூபை உரசிக்கொண்டே பாடிப் பழகியவன் பூங்குரலான். எந்தப் பாட்டு வாத்தியார் காலிலும் விழுந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. ஆனால் மைக்கைப் பிடித்தான் என்றால் சங்கீதம் படித்தவனெல்லாம் கிட்ட நிற்க முடியாது. பெயர் மட்டும் இரவல். சினிமாவில் பாடகர் பூங்குரலோன் கொடிகட்டிப் பறந்தபோது, அதையே கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டான். மேடைக் கச்சேரிக்காரர்களுக்கு அது வழக்கம்தான். பெரியவர் பாட்டு, பெரியவர் குரல், ஏறக்குறைய பெரியவர் பெயர். அதில்தான் வீடு கட்டினான், மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்தான்.

அன்று ஒரு நூல் மில்லின் ஆண்டு விழா. மேடைக்குப் பின்னால் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவனிடம் கீபோர்டுக்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணே, முன் வரிசையில யாரு தெரியுமா? பூங்குரலோன் ஐயா! முதலாளிக்குச் சிநேகிதராம்."

திரையை விலக்கிப் பார்த்தான். கைத்தடியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரேதான்.

"பேரைத் திருடினவன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார்னா? அப்புறம் எவன்யா என்னைக் கூப்பிடுவான்?"

"வயித்து வலின்னு நழுவிடுங்கண்ணே."

"ஓடினா திருடன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

போய் நின்றான். முதல் பாட்டைப் பாடி முடித்தான். கூட்டம் கை தட்டியது; பெரியவர் தட்டவில்லை. எழுந்தார். தடியை ஊன்றி மேடை ஏறினார். போச்சு, தொலைந்தோம் என்று பூங்குரலான் கண்ணை மூடிக்கொண்டான்.

"மைக்கைக் குடு. அடுத்த பாட்டை நான் பாடுறேன்."

அவரைப் பெரிய ஆளாக்கிய பாட்டு அது. மண்டபம் அதிர்ந்தது. பல்லவி தேன். சரணத்தில் உச்சிக்கு ஏறும் வரி நெருங்க நெருங்க, கிழவர் கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைத்தது. மூச்சு எட்டவில்லை. பக்கத்து மைக்கில் நின்றவனுக்குப் புரிந்துவிட்டது. பாடினால் குரலையும் திருடினான் என்பார். பாடாவிட்டால் இத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் மானம் போகும். கீழே கிடந்த ஒயரைச் சரிசெய்பவன் போலக் குனிந்து, மைக்கைக் கையோடு எடுத்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி அந்த வரியைப் பாடினான். பெரியவர் உதடு மட்டும் அசைந்தது; பக்கத்திலிருந்த கீபோர்டுக்காரர் ஒருவர்தான் கவனித்தார். விசில் கூரையைப் பிய்த்தது.

இடைவேளையில் பெரியவர் அவனைப் பின்னறைக்கு அழைத்தார். "கதவைச் சாத்து."

சாத்தினான்.

"வெளியில சொல்லிடுவியா?" என்றார் அவர். சாத்திய கதவை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய மனிதருக்குத் தன்னிடம் பயமா!

"சத்தியமா இல்லைங்கய்யா. என் பேரு...?"

"வெச்சுக்க. அந்தப் பாட்டை மட்டும் இனிமே தொடாதே. ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துடுவாங்க."

தலையாட்டினான். அவனுக்குக் கச்சேரி வாங்கிக் கொடுப்பதே அந்தப் பாட்டுதான். என்ன செய்வது, பெயராவது மிஞ்சியதே.

திரும்ப மேடை ஏறியதுமே கூட்டம் அதைத்தான் கேட்டது.

"தொண்டை கட்டிக்கிச்சுங்க."

"தொண்டை இல்லப்பா, பயம்!" என்று ஒருவன் கத்தினான். "அந்த உச்சி வரியெல்லாம் உன்னால ஆகாது. அசல் அசல்தான், நகல் நகல்தான்!"

மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் கறுப்புக் கண்ணாடி தரையைப் பார்த்தது. கீபோர்டுக்காரர் பொறுக்காமல் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பூங்குரலான் அவர் காலை நறுக்கென்று மிதித்தான்.