எக்ஸ்ரே அக்கா நீக்காத பதிவு

பதினோராயிரத்து நானூறு பேர். போன மாதம் வரை அந்த இணையக் குழுவில் இருந்தவர்கள் இவ்வளவு. எல்லோரும் ஒரே பாடகியின் ரசிகர்கள். அவரைத் தலைவி என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்லிப் பேசினால் புது ஆள் என்று தெரிந்துவிடும். குழுவைத் தொடங்கி நடத்துகிறவர் எக்ஸ்ரே அக்கா. பட்டப்பெயர்தான், ஆனால் பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுதான் வேலை.

தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. கனத்த கதவு, அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு. வெளியே பெஞ்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி, காலை நீட்டியபடி, முகத்தைச் சுளித்தபடி வரிசை. "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." நாள் முழுக்க இதையே சொல்கிறார். ஈய ஏப்ரனைச் சுமந்து சுமந்து வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஃபோன் மேஜை இழுப்பறையில் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் வெளியே எடுத்தால் ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் பஞ்சாயத்து.

பஞ்சாயத்துக்கா பஞ்சம்? தலைவியின் குரல் எந்த ஆல்பத்தில் உச்சம், பழைய டிரம்மர் ஏன் விலகினார், ரீமிக்ஸ் செய்தவரை மன்னிக்கலாமா என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அக்காவின் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். "நாள் பூரா பிள்ளைங்க கத்துறதைக் கேட்டுட்டு வர்றேன். வீட்டுல நீ இன்னொருத்தரை வேற கத்த விடுற" என்பார். மாடியில் இருக்கும் நாத்தனார் அப்படியில்லை. குழுவில் முதலில் சேர்ந்தவரே அவர்தான்.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. மூணு காது. புதுப் பாட்டு வந்தால் ஒரு தடவை ஸ்பீக்கரில், ஒரு தடவை இயர்போனில், ஒரு தடவை ஏதாவது வேலை செய்துகொண்டே கேட்க வேண்டும். அதற்கு முன் வாய் திறக்கக் கூடாது. கருத்து எழுதுகிறவர் "மூணு காதும் ஆச்சு" என்று ஆரம்பிப்பார். அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் திட்டலாம். புகழ்ந்தால்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

போன மாதம் புது ஆல்பம் வந்தது. அக்கா எழுதினார்: "மூணு காதும் ஆச்சு. நாலாவது பாட்டுல கடைசி இழுப்பு மனுஷக் குரலே இல்லை. அவ்வளவு நேரம் எவளாலயும் மூச்சுப் பிடிக்க முடியாது. நான் தினமும் பாக்குறேன். அது மெஷின்."

யாரும் மறுக்கவில்லை. மூச்சு விஷயத்தில் அக்காவிடம் யார் வாதாடுவது? மறுநாள் மதியத்துக்குள் அந்த இழுப்புக்கு 'மிக்ஸி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள், இதுவரை ஒரு வரிகூட எழுதாத ஒரு பெண் எழுதினார். "அது மெஷின் இல்லைக்கா. நான்தான். கோரஸ் பாடுறவ. அன்னிக்குத் தலைவிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. கடைசி இழுப்பை நீ பாடிடுன்னாங்க. பாடினேன். ஆல்பத்துல என் பேர் இல்லை. அதுகூடப் பழகிடுச்சு. மிக்ஸின்னு கூப்பிடறதைத்தான் தாங்க முடியலை."

உடனே பாய்ந்தார்கள். ஆதாரம் கேட்டார்கள், விளம்பரம் தேடுகிறாள் என்றார்கள். அந்தப் பெண் சண்டை போடவில்லை. தன் சமையலறையில் நின்று அதே இழுப்பைப் பாடி அனுப்பினார். பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமுகிறது. இழுப்பு முடிந்ததும் யாரோ "இன்னும் ஒரு தட்டு கழுவணும்" என்கிறார்கள்.

அக்கா அதை ஸ்பீக்கரில் கேட்டார். இயர்போனில் கேட்டார். துணி மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுதினார்: "மூணு காதும் ஆச்சு. மெஷின்னு சொன்னது என் தப்பு. என்கிட்ட வர்றவங்க எல்லாம் நோயாளிங்க. பாடறவங்க மூச்சு வேற. அந்த இழுப்பைப் பாடினது இவங்கதான். மிக்ஸின்னு இனிமே எவனாவது சொன்னா வெளியே தள்ளுவேன்." அந்தப் பெண்ணின் பதிவைக் குழுவின் உச்சியில் நிறுத்தினார். யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கே வந்துவிட்டார் இசைக் கம்பெனியின் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு.

"அக்கா, உங்க குழுவை அதிகாரபூர்வக் குழுவா ஆக்கிடலாம்னு இருக்கோம். கச்சேரிக்கு முன்வரிசை நாற்பது சீட் உங்களுக்கு. தலைவியோட பத்து நிமிஷம் தனியா உட்கார்ந்து பேசலாம்."

அக்கா இருபத்திரண்டு வருஷமாகத் தலைவியைக் கேட்கிறார். கச்சேரியில் பார்த்திருக்கிறார், கட்டைவிரல் உயரத்துக்கு. கையிலிருந்த டீ ஆறியது.

"பதிலுக்கு என்ன செய்யணும்?"

"பெருசா ஒண்ணுமில்லை. அந்தக் கோரஸ் பதிவு மட்டும் வேண்டாமே. நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதானே அக்கா?"

"குடும்பம்னா சண்டை இருக்கும் தம்பி. நீங்க சொல்றது பஜனை கோஷ்டி."

அவர் சிரிப்பு சற்றே கலைந்தது. "எடுக்கலைன்னா நாங்களே ஒரு குழு ஆரம்பிப்போம். டிக்கெட், செய்தி எல்லாம் அங்கதான் வரும். உங்க ஆளுங்க உங்ககூட இருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?"

"இருக்கிறவங்க இருப்பாங்க. எனக்கு நேரமாச்சு, வெளியே நாலு கை உடைஞ்சு நிக்குது."

அறைக்குத் திரும்பியதும் கோரஸ் பாடகிக்கு ஃபோன் போட்டார். "இந்தா பாரும்மா. உனக்கு வேலைக்கு ஆபத்துன்னா சொல்லு, இப்பவே எடுத்துடறேன். அவங்களுக்காக எடுக்க மாட்டேன்."

"வேண்டாம்க்கா. இருக்கட்டும். வேலை போனா கல்யாண மண்டபத்துல பாடிக்கிறேன். அங்க மைக்குல பேராவது சொல்வாங்க."

மாலை வீடு திரும்பினால் படிக்கட்டிலேயே நாத்தனார். செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது.

"அண்ணி, முன்வரிசையாமே?"

"ஆமாம்."

"வேண்டாம்னுட்டீங்களாமே?"

"ஆமாம்."

"ஒரு பதிவை எடுத்தா உங்க விரல் தேஞ்சா போயிடும்? யாரோ ஒருத்திக்காகத் தலைவியையே விட்டுட்டீங்களே!"

"தலைவியை யாருடி விட்டா? அவங்க பாட்டை என்னைவிட எவ கேட்டிருக்கா? நல்லா இருந்தா நல்லா இருக்குன்னேன். சொதப்பினா சொதப்பல்னேன். இப்ப யாரு பாடினாங்களோ அவங்கதான் பாடினாங்கன்னு சொல்றேன். இதைச் சொல்லக் கூடாதுன்னா எனக்கு எதுக்கு குழு?"

"நான் புதுச் செருப்பு வாங்கி வச்சிருக்கேன் அண்ணி."

"போட்டுக்க. காலுக்குத்தானே வாங்கின, வாய்க்கா?"

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து டிவி சத்தத்தைக் கூட்டினார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் போகிற தவறை அவர் ஒரு தடவைதான் செய்திருக்கிறார்.

கம்பெனி சொன்னபடி செய்தது. புதுக் குழு வந்தது, அதிகாரபூர்வம் என்று காட்டும் நீலக் குறியோடு. ஒரே வாரத்தில் ஆறாயிரம் பேர் அங்கே போனார்கள். நாத்தனாரும் போனார், இப்போது அங்கே நிர்வாகிகளில் ஒருவர். அங்கே எந்தப் பாட்டைப் போட்டாலும் அடியில் இதயமும் கைதட்டலும்தான். திட்டுவதற்கு இடமில்லை.

பழைய குழுவில் இரண்டு நாள் இழவு வீடு மாதிரி இருந்தது. அக்கா ஒரே ஒரு வரி எழுதினார்: "போனவங்களைத் திட்டக் கூடாது. வேலையைப் பாருங்க." பார்த்தார்கள். ஒருவர் பழைய ஆல்பம் ஒன்றைத் தூசி தட்டி, "இதுல பின்னால ஹம்மிங் யாரு?" என்று கேட்டார். பத்துப் பேர் பத்துப் பதில் சொன்னார்கள், வழக்கம்போல அடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு அறுபது வயதுக்காரர் நுழைந்து, "சண்டை போடாதீங்க பிள்ளைங்களா, அது நானும் என் தங்கச்சியும்" என்று எழுதினார். அன்றிலிருந்து புல்லாங்குழல்காரர், கைதட்டியவர், விசிலடித்தவர் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரையும் ரசிகர்கள் விசாரிக்கிறார்கள், மூணு காதால் கேட்டு. இரண்டு புளுகர்கள் பிடிபட்டிருக்கிறார்கள்.

மேனேஜர் இன்னொரு தடவை ஃபோன் செய்தார். நாற்பது சீட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, யோசியுங்கள் என்றார். "காலியா இருந்தா கோரஸ் பாடறவங்க வீட்டு ஆளுங்களை உட்கார வைங்க" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

கோரஸ் பாடகியின் பதிவு குழுவின் உச்சியில் நிற்கிறது. ஒத்திகைக்கு அவரைக் கூப்பிடவில்லை. வரும் சனிக்கிழமை கச்சேரி. நாலாவது பாட்டின் கடைசி இழுப்பை யார் பாடப்போகிறார்கள் என்று கம்பெனி சொல்லவில்லை. நாத்தனாருக்கு முன்வரிசை. அக்கா மேல் கேலரியில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறார். மதிய ஷிஃப்ட் முடிந்ததும் கோரஸ் பாடகி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார். இருவரும் அங்கிருந்து பஸ்ஸில் போகிறார்கள்.