கழுவியும் கரிக்கும் தண்ணீர்

அந்த நாற்றுப்பண்ணையில் அவளுக்கு ‘நாக்கு’ என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள்; பதினாறு வருடத்தில் அது பதவியாகிவிட்டது. “நாக்கு வந்தாச்சா?” என்று யாராவது கேட்டால், வேலையை ஆரம்பிக்கலாமா என்று அர்த்தம்.

தேங்காய் மட்டையில் நாரை உரித்தபின் மிஞ்சும் பழுப்புத் தூளை இறுக்கி, கட்டிகளாக லாரியில் அனுப்புவார்கள். பண்ணையில் மண் கிடையாது. எல்லா விதையும் இந்தத் தூளில்தான் முளைக்கும். ஐந்து கிலோ கட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் வெடிப்பு விட்டு, பொருமி, அரை மணி நேரத்தில் தொட்டி விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்கும். அதில் உப்பு இருக்கும். அது போகாவிட்டால் நாற்று கருகும். அவள் தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, வடியும் தேயிலை நிறத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பாள். துப்புவாள். “இன்னும் ஒரு தண்ணி” என்பாள், அல்லது “போதும்” என்பாள். அவள் போதும் என்று சொன்ன தூளில் ஒரு நாற்றும் கருகியதில்லை.

“வாரம் பூரா வேலை பார்க்குது, ஞாயித்துக்கிழமையாவது அதுக்கு லீவு குடேன்” என்பார் தையல்காரக் கணவர், அவள் கத்திப் பேசும்போதெல்லாம்.

புது மேலாளர் வந்தார். விவசாயம் படித்தவர். பேனா அளவில் ஒரு மீட்டர் கொண்டுவந்தார். தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும்.

“அக்கா, இனிமே உங்க நாக்குக்கு ரிட்டயர்மென்ட்.”

“நல்லதாப் போச்சு தம்பி. வாய் கொப்பளிச்சுக் கொப்பளிச்சே பாதி வயசு போயிடுச்சு.”

சிரித்தாள். ஆனால் குழித்தட்டுகளில் தூள் நிரப்பும் பெண்களின் வேகம் அவள் மணிக்கட்டுக்கு வராது. நாக்கை விட்டால் அவளுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அந்த மாதம் நாற்பதாயிரம் தக்காளி நாற்றுக்கு அவசர ஆர்டர். வழக்கமாக, கழுவிய தூளை ஒரு நாள் முழுக்கக் கால்சியம் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசுவார்கள். மேலாளர் மீட்டரைப் பார்த்தார்; வெறும் தண்ணீரிலேயே எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. “ஊறல் வேண்டாம், நேரா தட்டுல போடுங்க” என்றார்.

பழக்கதோஷத்தில் அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. அது வழக்கமான உப்பு இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது, தண்ணீர் சில்லென்று இருந்தபோதும்.

“தம்பி, இதுல யாரோ அழுத மாதிரி இருக்கு.”

“யாருக்கா, தென்னை மரமா?” என்றாள் தட்டு நிரப்பும் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கெஞ்சியதற்காக இன்னும் மூன்று முறை கழுவினார்கள். எண் இறங்கிக்கொண்டே போனது. அவள் நாக்கில் கரிப்பு இம்மியும் குறையவில்லை. விதை போட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் டீ கரித்தது. பானைத் தண்ணீர் கரித்தது. மகள் நறுக்கித் தந்த பப்பாளியும் கரித்தது. சந்தேகத்தில் மகளை இழுத்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

“என்னம்மா, என்னையும் டெஸ்ட் பண்றியா?” என்றாள் மகள். கன்னமும் கரித்தது.

மருத்துவர் நாக்கில் விளக்கடித்துப் பார்த்தார். சர்க்கரை, எலுமிச்சை, கசப்பு மருந்து என்று ஒவ்வொரு சொட்டாக விட்டார். அவள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். “நாக்குல ஒரு குறையும் இல்லம்மா” என்று அனுப்பிவிட்டார். ஒவ்வொரு ருசிக்கும் அடியில் அந்த வெதுவெதுப்பான உப்பு கிடந்ததை அவள் சொல்லவில்லை. சொன்னால் பண்ணைக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

பன்னிரண்டு நாளில் நாற்றுகள் பச்சைப்பசேலென்று ஒரே உயரத்தில் நின்றன. “நாக்குக்கு வயசாயிடுச்சுக்கா” என்றார்கள் பெண்கள். பதினான்காம் நாள் முதல் முறையாகக் கால்சியம் உரம் விட்டார்கள். இரண்டே நாளில் நாற்பதாயிரம் செடிகளிலும் இலை ஓரம் நெருப்பில் காட்டிய காகிதமாகச் சுருண்டிருந்தது.

மேலாளர் வடிநீரில் மீட்டரை வைத்தார். எண் எகிறியது. அவர் மழுப்பவில்லை. “கொஞ்சம் உப்பு தூளோட ஒட்டிக்கிட்டே இருக்கும். வெறும் தண்ணிக்கு அசையாது, மீட்டர்லயும் தெரியாது. கால்சியம் உள்ளே போனாத்தான் அதைப் பிடிச்சுத் தள்ளும். ஊறவைக்காம விட்டது என் தப்பு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார். “மீட்டருக்கே தெரியாதது உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சது?”

அன்று காலை பல் தேய்த்த தண்ணீர்கூடக் கரித்திருந்தது.

அதன்பின் அவள் சொல்லாமல் ஒரு பிடித் தூள் நகராது என்று ஆனது. புதுக் கட்டிகள் வந்தன. இந்த முறை முறையாகக் கழுவி, கால்சியத்தில் ஊறவைத்து, அலசினார்கள். அவள் நாக்கில் வைத்தாள். “இன்னும் ஒரு தண்ணி.” மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் ஒன்பதாவது தண்ணீர் வடிந்தது. விதைப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. பெண்கள் காலித் தட்டுகள்மேல் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குத் தாங்கவில்லை.

“தம்பி, என்னை நம்பாதீங்க. எனக்கு எதை வாயில வச்சாலும் கரிக்குது. அன்னைக்குச் சொன்னது குருட்டாம்போக்குல பலிச்சிருக்கு. எனக்கு நாக்கு கெட்டுப்போச்சு. வேற ஆளை வச்சுக்குங்க.”

பதினாறு வருடத்தை அத்தோடு முடித்துக்கொண்டதாகத்தான் நினைத்தாள். மேலாளர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்.

“இதுக்குத்தான் மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களா? இருங்க, நானே பார்த்துடறேன்.”

மீட்டரை முக்கினார். பூஜ்யம். அதை அவளிடம் காட்டிவிட்டு, இதுவரை செய்யாத காரியமாக, வடிநீரில் விரலை நனைத்துத் தன் நாக்கில் வைத்தார்.

சிரிப்பு அப்படியே நின்றது. போய், பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்து காலையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் கன்னத்தில் அடக்கியபடி அவளைப் பார்த்தார்.

“கரிக்குதா தம்பி?”

ஆமென்று தலையாட்டினார்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. ‘அப்போ என் நாக்கு கெடலை’ என்ற நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கூசும். ஏனென்றால், அந்த ஒரு நிமிடத்தில் அவள் பெண்களைக் கவனிக்கவில்லை. அவர்கள் எழுந்து வந்து தொட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

“வாயில வைக்காதீங்கடி!” என்று அவள் கத்துவதற்குள் முதல் பெண் விரலைச் சப்பிவிட்டிருந்தாள்.