மார்பளவு நாற்பது

ஆரிஃபாவுக்குத் தொப்பி மட்டும்தான் பின்ன வரும். வாய் பேசிக்கொண்டே இருக்கும், கண் அடுப்பில் இருக்கும், கை குரோஷா ஊசியில் ஒரு வெள்ளைத் தொழுகைத் தொப்பியை முடித்திருக்கும். குன்னூர் மார்க்கெட்டில் பாதித் தலைகளில் இருப்பது அவள் கைவேலைதான். வேறு ஏதாவது பின்னேன் என்றால், "எனக்கெதுக்குங்கக்கா அதெல்லாம்" என்று நழுவிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். மார்க்கெட் இறக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள் நான். கையில் திறமையை வைத்துக்கொண்டு பயந்து சாகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

போன ஜூன் மழையில் அவளாகவே வந்தாள். அவள் வீட்டுக்காரர் ரஹீம் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி, கோயமுத்தூரில் வைத்தியம். எடை குறையாமல் இருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம், குறைய ஆரம்பித்தால் தன் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதாமாதம் அண்ணன் தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்து, "எடை அதேதான்" என்பார். ஆனால் குளிர் தாங்கவில்லை. கடை ஸ்வெட்டர் உடம்பை உறுத்தியது.

"நானே ஒண்ணு பின்னிப் பாக்கட்டுங்களாக்கா?"

"போடு. போடாட்டி என் கடைப் படி ஏறாத."

என் டேப்பை வாங்கிப் போய் அளந்து, மார்பளவு நாற்பது என்று குறித்துக்கொண்டாள். போனில் வீடியோ பார்த்துப் பழகினாள்.

தொப்பிக்கு நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் துவளாது. பழக்கதோஷத்தில் ஸ்வெட்டரையும் இறுக்கிவிட்டாள். அது மேசைமேல் தானாக நின்றது. அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். "இதுக்குள்ள ஆளே வேண்டாம் புள்ள, இதையே கடைக்கு அனுப்பிரலாம்" என்றார். அவளும் சிரித்தபடியே பிரித்தாள். அடுத்ததைத் தளரப் போட்டாள். தோள் இறங்கித் தொளதொளவென்று தொங்கியது. ரொம்பத் தளர்த்திவிட்டேன் என்று அதையும் பிரித்தாள். மூன்றாவதைச் சின்ன ஊசியில் போட்டாள். அதுவும் பெரிது.

நவம்பரில் அந்த மூன்றாவதை என் மேசையில் எறிந்துவிட்டு அழுதாள். "தொப்பிதானுங்கக்கா என் லாயக்கு. அவருக்கு ஒரு ஸ்வெட்டர் போடத் துப்பில்ல."

விரித்துப் போட்டுப் பின்னல் கண்ணிகளை எண்ணினேன். ஒரு கண்ணி தப்பவில்லை. டேப்பை வைத்தேன். குறித்த அளவுக்கு இம்மி பிசகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் கை தேறிருச்சு ஆரிஃபா! தப்பு உன்மேல இல்ல, வா காட்டறேன்" என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஏறினேன். என் வாயில் மண்ணைப் போட.

தலையை ஒரு தடவை அளந்தால் ஆயுசுக்கும் போதும். தொப்பிக்காரி அப்படியே பழகியவள், மறுபடி அளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தையல்காரி எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? இந்த ஊர்க் குளிரில் பனியன், சட்டை, சால்வை, அதன்மேல் கம்பளி. முகத்துக்குத் தாடி. கூடவே இருக்கிறவளுக்கும் உடம்பு கண்ணில் படாது.

அண்ணன் முதலில் மறுத்தார். நான்தான் வம்பாகச் சால்வையை விலக்கி அளந்தேன். முப்பத்திநாலு. நம்பாமல் இன்னொரு தடவை வைத்தேன். முப்பத்திநாலேதான். ஆரிஃபா அந்த எண்ணைப் பார்த்துவிட்டாள். ஐந்து மாதமாகத் தன் கைதான் தப்பு என்று நம்பி நிம்மதியாக இருந்தாள். அதை நான் பிடுங்கிவிட்டேன்.

அண்ணன் அவசரமாகச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாதாமாதம் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"கண்ணி எண்ணிக்கை தப்பிப்போச்சுங்க" என்றாள் ஆரிஃபா. "எனக்குத்தான் இதெல்லாம் வராதே."

அவர், "அதுக்கென்ன புள்ள. பிரிச்சுப் போடு" என்றார்.

அவள் நூல் முனையைத் தேடி இழுக்க ஆரம்பித்தாள். எதிரே உட்கார்ந்து நான் உருண்டையாகச் சுற்றினேன். எனக்கு மட்டும் கேட்கும்படி, "முப்பத்திரண்டுக்குப் போடறனுங்கக்கா" என்றாள்.

"முப்பத்திநாலு" என்று திருத்தினேன்.

"முடிக்கறதுக்கு ரெண்டு மாசம் ஆகுமுங்கக்கா" என்றாள்.