கோப்பையைப் பிடித்திருந்த கை

எர்ணாகுளம் பிராட்வேயில் அட்டைப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பார்வதியக்காவின் தம்பி ராமநாதன். “அக்கா போயிட்டா, முருகேசன்” என்றார். காலையில் குளித்துவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர், பார்வதிச் சேச்சி ஒருமுறை அங்கே வந்து, பெட்டி பலமானதுதானா என்று பார்க்க அதன் மேலேயே ஏறி நின்றதை நினைவுபடுத்தினார். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதைப் படிப்பவர்களில் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். மழையோ வெயிலோ, குடையை விரித்துக்கொண்டு தெரு நடுவில் நடப்பார். வண்டிகள்தான் ஒதுங்கிப் போகும். ஆனால் எங்களிடம் பழைய பீங்கான் டீ செட்டுகள் வாங்கிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவருடைய வலது கையை மட்டும்தான் தெரியும். இரு தரப்பினருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுக் கடிதங்களை அவர்தான் கவனித்துவந்தார். கம்பெனியை மூடியபோது ஐம்பதைக் கடந்திருந்தார். நான் ராஜபாளையத்திலிருந்து வந்தவன். மட்டாஞ்சேரியில் பழைய மரச்சாமான்களும் பீங்கானும் விற்கும் கடை எனக்கு. கொரோனா வந்து சுற்றுலாப் பயணிகள் நின்றுபோன காலத்தில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. ஒருநாள் உள்ளே வந்த அக்கா, அலமாரியில் தூசி படிந்து கிடந்த டீ செட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து அடியில் இருந்த முத்திரைகளைப் படித்தார்.

“வாங்கறவா இங்க வரலைன்னா, நாமதான் அவா இருக்கற இடத்துக்குப் போகணும்” என்றார். இணைய ஏலத்தில் விற்கலாம், எழுதுவதையும் பேசுவதையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாதச் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்று கேட்டேன்.

“சம்பளம் வேண்டாம். பங்கு வேணும்.”

அப்படித்தான் என் கடைக்கு ஒரு பங்குதாரர் வந்தார்.

ஏலத்தில் எங்கள் முறை எளிமையானது. செட்டின் படங்களைத் தளத்தில் ஏற்றிவிட்டுச் சில நாட்கள் விலை கேட்க விடுவோம். கடைசி ஒரு மணி நேரம் நேரலையில் பொருளைக் காட்டுவோம். அதைக் காட்டுகிற விதத்தைக் கண்டுபிடித்தது பார்வதியக்கா. கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பின்னால் விரல்களை விரிப்பார். நல்ல பீங்கான் என்றால் விரல்களின் நிழல் முன்பக்கம் தெரியும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு. முழுசாக இருக்கிற கோப்பை மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சிலர் எதுவும் வாங்காமல் நேரலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கையில் வெண்புள்ளிகள் இருந்தன. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, தேங்காய்ப்பால் தெறித்த மாதிரி பரவியிருந்தன. முதல் வீடியோவை எடுக்க வந்த நண்பர் வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொள்ளச் சொன்னார். அருங்காட்சியகத்தில் அப்படித்தான் பிடிப்பார்களாம், பார்க்கவும் எடுப்பாக இருக்குமாம். எதை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். பார்வதியக்காவுக்குக் கோபம் வரவில்லை. “துணி போட்டா கோப்பை வழுக்கும். விரலும் தெரியாது” என்றார். பிறகு, கேமரா சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே, “கோப்பையில இருக்கற கீறலைக் காட்டித்தானே விக்கப்போறோம். கையை மட்டும் எதுக்கு மூடணும்?” என்றார்.

பீர்மேட்டிலிருந்து சூசம்மா என்ற எஸ்டேட் குடும்பத்துப் பெண்மணி ஒரு செட்டைக் கொண்டுவந்தார். அவருடைய மாமியாரின் கல்யாணச் சீர். நீலப் பூவும் தங்க விளிம்புமாக, அதுவரை எங்கள் கைக்கு வந்தவற்றிலேயே அழகானது அதுதான். சர்க்கரைக் கிண்ணத்து மூடியின் குமிழ் மட்டும் எப்போதோ உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் செட்டு நல்லபடியாக விற்றால் மலைப்பக்கத்து எஸ்டேட் வீடுகளெல்லாம் எங்களைத் தேடி வரும் என்று நான் நம்பியிருந்தேன். நேரலை நடக்கும்போது சூசம்மாவும் கடையில் இருந்தார்.

ஒட்டிய குமிழை முதலில் காட்டிவிட்டு அக்கா கோப்பைகளுக்கு வந்தார். விலை ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று திரையில் ஒருவர் எழுதினார்: அந்தக் கைக்கு என்ன நோய்? தொற்றாதா? அந்தக் கோப்பையில் எங்கள் வீட்டில் யார் குடிப்பது? அதோடு விலை கேட்பது நின்றுபோனது. சூசம்மா என் பக்கம் குனிந்து, வேறு யாரையாவது எடுத்துக் காட்டச் சொல்ல முடியுமா என்று மெதுவாக மலையாளத்தில் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தோன்றவில்லை. மாமியாரின் செட்டு விலைபோகாமல் கிடந்துவிடுமோ என்ற பயம். அக்காவின் காதிலும் அது விழுந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. எழுதியவரைப் பெயர் சொல்லி அழைத்து, கோப்பையை வருணிக்கும் அதே குரலில், நிதானமான ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: இது என் கை. இதற்கு வெண்புள்ளி என்று பெயர். தொட்டால் ஒட்டாது. அடுத்த கோப்பையைப் பார்ப்போம். பார்த்தார்கள். தட்டினார், மணி ஒலித்தது. ஆனால் குறைந்தபட்ச விலையைக்கூட யாரும் எட்டவில்லை. செட்டு விற்காமல் நின்றது. சூசம்மா அதைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி எடுத்துப்போய்விட்டார்.

அன்று மாலை நானும் அக்காவும் படகுத்துறைக்கு எதிரே சாயா குடித்துக்கொண்டிருந்தோம். அவரே பேசினார்.

“எங்காத்துக் கல்யாணங்கள்ல யாரும் என்னைப் பரிமாற வேண்டாம்னு சொன்னதில்லை முருகேசா. பாத்திரத்தை மட்டும் கையிலேர்ந்து வாங்கிப்பா. சிரிச்சுண்டே வாங்கிப்பா.” கண்ணாடி கிளாஸை வைத்தார். “இன்னிக்கும் நான் கொடுத்திருந்தேன்னா, இனி எந்தக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவேன்?”

அடுத்த வாரம் வழக்கம்போல நேரலைக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர்கள் ஒருவரும் விலகவில்லை. சொல்லப்போனால், அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்ன வீடியோவைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் வந்தார்கள். தங்கள் கையிலும் முகத்திலும் அதே புள்ளிகள் இருப்பதாகச் சிலர் தனியாக எழுதினார்கள். அவர்களுக்கெல்லாம் அக்கா பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்டதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் சூசம்மா மறுபடி வந்தார், அதே பெட்டியோடு. எர்ணாகுளத்தில் வேறொருவர் மூலம் விற்றிருக்கிறார். ஒட்டிய குமிழைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாங்கியவர் கண்டுபிடித்து, ஏமாற்று வேலை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். சூசம்மா பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, “பார்வதி தன்னே எடுத்து காணிக்கணும்” என்றார். பார்வதியே எடுத்துக் காட்டவேண்டும் என்று. அக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, “சாரமில்லை, இரிக்கூ” என்றார், பரவாயில்லை, உட்காருங்கள் என்று. அவ்வளவுதான். பழைய பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாவது ஏலத்தில் அவர் முதலில் காட்டியது ஒட்டிய குமிழைத்தான். அதோடு, இந்தச் செட்டு ஒருமுறை விற்றுத் திரும்பி வந்தது, காரணம் இந்தக் குமிழ் என்பதையும் சொன்னார். கொஞ்ச நேரம் திரையில் எதுவும் வரவில்லை. பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், எங்களிடம் முன்பே வாங்கியவர், தமிழிலேயே எழுதினார்: ‘அதே கைதானே? அப்படியானால் நான் கேட்கிறேன்.’ அவருக்குப் போட்டியாக ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண்மணி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் முறை நாங்கள் வைத்திருந்த குறைந்தபட்ச விலையை அது எப்போதோ தாண்டிவிட்டது. கடைசியில் கோயம்புத்தூருக்குப் போனது.

செட்டைக் கட்டும்வரை சூசம்மா வீட்டுக்குப் போகவில்லை. அக்கா தாளில் சுற்றிக் கொடுத்த ஒவ்வொரு கோப்பையையும் அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். நான் ஒட்டுநாடாவோடு சும்மா நின்றேன். என் வியாபார வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான நாள் எனக்கு இல்லை. அதன் பிறகு மலைப்பக்கத்திலிருந்து பெட்டிகள் வந்துகொண்டேயிருந்தன. கொண்டுவந்தவர்கள் என் பெயரைச் சொல்லிக் கடையைத் தேடவில்லை.

அக்கா போன செய்தியைத் தளத்தில் நான்தான் எழுதினேன். அவருடைய முழுப் பெயரையும் ஒரு முகப் படத்தையும் போட்டேன். பட்டுப்புடவையில் நிமிர்ந்து நிற்கும் படம், தம்பி கொடுத்தது. எத்தனையோ நாடுகளிலிருந்து ஆறுதல் எழுதினார்கள். இவ்வளவு நாளும் யாரிடம் வாங்கினோம் என்று இப்போதுதான் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார் ஒருவர்.

இப்போது நேரலையில் என் கை வருகிறது. என் ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் பின்கட்டில் அலமாரித் தட்டு ஒன்று சரிந்தது. நல்ல விலை போயிருக்கவேண்டிய டீ பாட் ஒன்றும் சில சாசர்களும் தரையில் சிதறின. பழைய நானாக இருந்தால் அந்த ஓசைக்கே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன், அல்லது பக்கத்தில் நின்றவரைத் திட்டியிருப்பேன். அன்று, சுமை தூக்க வந்த சேட்டனைப் பார்த்து, “கால்ல எங்கயாவது கீறிச்சா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது: எது உடைந்தாலும் பார்வதியக்காவின் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி அது. கடையில் அவருடைய பங்குக்கான கணக்கைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். இந்தக் கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.